சுட்டுவிரலுக்குப் போகும் சரக்கு

1. கரண்ட் அடிக்கிற மிஸ்

யோகராசா முதன்முதலாக என் அறைக்கு வந்த அன்று வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. கதிரையைக் காட்டினேன். கதிரையைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"மிஸ், நீங்கள்தானே கரண்ட் அடிக்கிற மிஸ்?"

"ஓம். ஆனால் ஆளைக் கொல்லுற கரண்ட் இல்லை. வந்து இருங்கோ."

"வெளியில இருக்கிற சனம் வேற மாதிரியெல்லோ கதைக்குது."

சனம் அப்படித்தான் கதைக்கும். திருகோணமலை ஆஸ்பத்திரி ஒன்றில் என் சேவைக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. துறைமுகப் பக்கத்தில் பாதிப் பேருக்கு என் பெயர் தெரியாது. கரண்ட் அடிக்கிற மிஸ் என்றால் தெரியும். உத்தியோகப் பெயர் ரெக்கோர்டிஸ்ட். நரம்புக்குச் சின்னக் கரண்ட் கொடுத்து, அது எவ்வளவு வேகத்தில் போகிறது, போய்ச் சேருகிறதா இல்லையா என்பதைத் திரையில் கோடாகப் பதிந்து டொக்டருக்குக் கொடுப்பேன். இன்னொரு சோதனையில் டொக்டர் தசைக்குள் மெல்லிய ஊசியை ஏற்றுவார். தசைக்குள் நடப்பது ஸ்பீக்கரில் கேட்கும். நல்ல தசை இறுகினால் தகரக் கூரையில் மழை கொட்டுவதுபோல ஒரே இரைச்சல். நரம்பு அறுந்த தசை என்றால் மழை இல்லை. எங்கோ ஒரு மூலையில் டிக், டிக் என்று தன்பாட்டில் துடித்துக்கொண்டிருக்கும்.

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு ஆஸ்பத்திரி தேடவில்லை. அதன் மணம் தேடவில்லை, அங்கிருந்த சண்டைகள் நிச்சயமாகத் தேடவில்லை. அந்தச் சத்தம் மட்டும் தேடுகிறது. மழைக்காலத்தில் அயல்வீட்டுத் தகரத்தில் முதல் துளிகள் விழும்போது கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.

யோகராசா திருகோணமலைக்குப் பக்கத்துக் கடற்கரைக் கிராமமான சல்லியைச் சேர்ந்தவர். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். கடலில் இரை வெட்டிக்கொண்டிருந்தபோது ஒரு அலை படகைத் தூக்கிப் போட, கத்தி வலது முன்கைக்குள் இறங்கிவிட்டது. கையின் நடுவால் போகும் பெரிய நரம்பு முழுதாக அறுந்துபோயிற்று. சத்திரசிகிச்சை டொக்டர் இரண்டு முனையையும் தேடிப் பிடித்துத் தைத்திருந்தார். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றுக்கும் உணர்ச்சி கொடுப்பது அந்த நரம்புதான். மூன்றும் மரத்துப்போயிருந்தன.

வழக்கமாக எல்லோரும் "கை சரிவருமோ" என்றுதான் கேட்பார்கள். இவர் சுட்டுவிரலை மட்டும் என் முன்னால் நீட்டினார்.

"மற்றது எல்லாம் கிடக்கட்டும் மிஸ். இது ஒண்டுக்கு உணர்ச்சி வந்தாக் காணும்."

"அந்த விரலுக்கு மட்டும் என்ன அவ்வளவு செல்லம்?"

"நான் கைத்தூண்டில்காரன் மிஸ். வலைக்குப் போறேல்லை. தங்கூசி நைலோன் நூலைக் கடலுக்குள்ள விட்டிட்டு இந்த விரலுக்கு மேல போட்டுக்கொண்டு இருப்பன். கீழ இரையில ஆர் வாய் வைக்கிறான் எண்டு இந்த விரல்தான் சொல்லும். கலவாய் எண்டா ஒரே அமத்து, பிறகு கல்லுக்குள்ள போய்ப் பேசாமல் இருக்கும். பாரை எண்டா ஆளையும் கொண்டுதான் போவன் எண்டு நிக்கும். விளைமீன்..." கொஞ்சம் நிறுத்தினார். "விளைமீன் சும்மா தொட்டுப் பாக்கும். தொட்டுட்டு விட்டிடும். அதை அறியிறதுதான் தொழில்."

"இடக்கையில போட்டுப் பாக்கேலாதோ?"

"போட்டுப் பாத்தனான். அந்தக் கைக்கு ஒண்டும் விளங்குதில்லை. இரை தின்னுபட்டு வெறும் தூண்டில்தான் வருது."

பின்னால் நின்ற அவருடைய மனைவி தவமணி அப்போதுதான் வாய் திறந்தார். "மற்ற ஆக்களோட வலைக்குப் போகச் சொன்னனான் மிஸ். போனவர். படகுக்குப் பாரமா ஒரு மூலையில இருந்திட்டு வந்தவராம். வந்து ரெண்டு நாள் என்னோட கதைக்கேல்லை."

சோதித்தேன். மணிக்கட்டில் கரண்ட் கொடுத்தேன், விரல் நுனியில் பதிய வேண்டியது பதியவில்லை. திரையில் கோடு நேராகப் போனது. யோகராசாவுக்குத் திரை வாசிக்கத் தெரியாது. என் முகத்தை வாசித்துவிட்டார்.

2. டொக்டரின் நாட்டாமிமார்

அப்போது எங்களுக்கு இருந்த நரம்பியல் நிபுணர் இளம் ஆள். யாழ்ப்பாணத்துக்காரர். நோயாளிக்கு விளங்கும்வரை விடமாட்டார். கிளினிக் வரிசை வீதிவரை போனாலும் கடதாசி எடுத்துப் படம் கீறத் தொடங்கிவிடுவார். அதனால் தாதிமாருக்கு அவர்மேல் கோபம். எனக்கும் சிலவேளை பசி நேரத்தில் கோபம் வரும். ஆனாலும் அவர் கீறும்போது நானும் எட்டிப் பார்ப்பேன்.

"ஐயா, உங்கட விரல் நரம்பின்ர தாய்வீடு விரலில இல்லை. இஞ்ச, கழுத்துக்குப் பக்கத்தில, முள்ளந்தண்டோட இருக்கு." யோகராசாவின் பிடரிக்குக் கீழே தொட்டுக் காட்டினார். "அங்கயிருந்து விரல் நுனி வரைக்கும் ஒரே நார். மயிரை விட எவ்வளவோ மெல்லிசு, ஆனா ஒரு கை நீளம். விரல் நுனிக்கு வேண்டிய சாமான் கிட்டத்தட்ட எல்லாம் தாய்வீட்டிலதான் செய்யிறது. நுனியில பட்டறை இல்லை."

"அப்ப எப்பிடி வந்து சேரும்?"

"சுமந்துகொண்டுதான். கொழும்பில மூட்டை தூக்கிற நாட்டாமிமாரைப் பாத்திருப்பீங்கள். அந்த மாதிரிப் புரதத்தாலான நாட்டாமிமார் நாருக்குள்ள இருக்கினம். உள்ளுக்குத் தண்டவாளம் போட்டிருக்கு. அவைக்கு ரெண்டு கால். ஒரு கால் தண்டவாளத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கும், மற்றக் காலை எடுத்து முன்னுக்கு வைப்பினம். பிறகு மற்றது. முதுகில மூட்டை. ஒவ்வொரு அடிக்கும் எரிபொருள் வேணும்."

யோகராசா கடதாசியைக் கையில் வாங்கிப் பார்த்தார். டொக்டர் கீறியிருந்த நாட்டாமிக்கு இரண்டு பெரிய பாதங்களும் தலைக்கு மேலே ஒரு உருண்டையும் இருந்தன. நல்ல படம் என்று சொல்ல மாட்டேன்.

"போறவை பிறகு திரும்பி வருவினமோ?"

"திரும்பி வாறதுக்கு வேற ஆக்கள். விரலுக்குக் கொண்டு போறவைக்குக் கைனசின் எண்டு பேர். விரலில இருந்து தாய்வீட்டுக்குக் கொண்டு வாறவை டைனீன். இவை குப்பையும் கொண்டு வருவினம், செய்தியும் கொண்டு வருவினம். கையில வெட்டு விழுந்திட்டுது, சாமான் அனுப்பு எண்டு மேல போய்ச் சொன்னதே அவைதான்."

"சொல்லியாச்சோ?"

"எப்பவோ சொல்லியாச்சு. அங்க வேலை நடக்குது."

யோகராசாவின் முகம் அப்போது மாறியது. அதுவரை தன் விரல் செத்துக் கிடக்கிறது என்று நினைத்திருந்தார். கழுத்தடியில் யாரோ தனக்காக மூட்டை கட்டுகிறார்கள் என்று கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்று வீட்டுக்குப் போனதும் நானும் என் பிடரியைத் தடவிப் பார்த்தேன். எத்தனையோ வருடமாக நரம்புக்குக் கரண்ட் கொடுத்தவள், அதற்குள்ளே இப்படி ஒரு நடை நடக்கிறதென்று நினைத்துப் பார்த்ததில்லை.

டொக்டர் நல்ல செய்தியோடு கெட்ட செய்தியையும் சொன்னார். வெட்டுப்பட்ட இடத்துக்குக் கீழே பழைய நார் அழிந்துவிட்டது. வெறும் உறைதான் மிச்சம். மேலிருந்து புது நார் அந்த உறைக்குள் வளர்ந்து இறங்க வேண்டும். நாளொன்றுக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில்தான் இறங்கும்.

"நடக்கிற ஆக்கள் இருக்கினம் எண்டீங்கள். பிறகேன் இவ்வளவு சுணக்கம்?"

"சின்ன மூட்டையள் கெதியா வந்திடும். புதுத் தண்டவாளம் போடுற சாமான் வேற மாதிரி. கொஞ்சம் போகும், நிக்கும், பிறகு கொஞ்சம் போகும்."

என் அளவு நாடாவைக் கேட்டு வாங்கி, காயத்திலிருந்து சுட்டுவிரல் நுனிவரை அளந்து பார்த்தார் யோகராசா. மனதுக்குள் கணக்குப் போட்டார். "அப்ப இந்த வாடை முடிஞ்சு, கச்சானும் முடிஞ்சு, அடுத்த வாடை வரப் பாக்கும்," என்றார். அவருக்கு மாதங்கள் இல்லை, காற்றுகள்தான்.

எழும்பும்போது டொக்டர் கடைசியாக ஒன்று சொன்னார். "அதுவரைக்கும் பெருவிரலடித் தசைக்குச் சரக்கும் வராது, கட்டளையும் வராது. கன நாள் சும்மா கிடந்தா பழுதாகிடும். மற்றக் கையால மடக்கி நீட்டி வேலை குடுத்துக்கொண்டு இருங்கோ."

பிறகு வந்தபோதெல்லாம் நாங்கள் கையைத் தட்டிப் பார்ப்போம். நரம்பு போகும் வழியே விரலால் தட்டிக்கொண்டு வந்தால், புது நாரின் நுனி எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கே மின்சாரம் பாய்ந்ததுபோலச் சுரீரென்று இருக்கும். அந்த இடத்தில் நான் பேனையால் ஒரு புள்ளி வைப்பேன். அடுத்த முறை புள்ளி இறங்கியிருந்தது. யோகராசா அந்தப் புள்ளியைத் தவமணிக்குக் காட்டினார். கப்பல் வந்துவிட்டது என்று துறைமுகத்தில் ஆளுக்காள் காட்டுவார்களே, அந்தச் சந்தோசம்.

3. ரெஜிபோம் பெட்டி

வாடை ஓய்ந்து கச்சான் தொடங்கும் நேரம் மறுபடி வந்தார்கள். அன்று கையைத் தட்டிக்கொண்டே போனேன். பழைய புள்ளியில் ஒன்றும் இல்லை. அதற்குக் கீழேயும் இல்லை. மணிக்கட்டுவரை தட்டினேன். யோகராசா கண்ணை மூடிக்கொண்டு இல்லையென்று தலையை ஆட்டினார்.

சின்னவிரலுக்குப் போகும் நரம்பு வேறு நரம்பு. அதில் கத்தி படவேயில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அதற்குக் கரண்ட் கொடுத்தேன். அதுவும் சோர்ந்துபோய் நடந்தது. நல்ல நரம்பும் கெட்டுப்போகிறதா? அப்படியென்றால் இது வெட்டு மட்டும் இல்லை, வேறு ஏதோ வியாதி.

சோதனைக்கு முதல் தோலின் வெப்பத்தை அளப்பது முறை. அன்றும் அளந்துதானிருந்தேன், குறைவாகத்தான் காட்டியது. ஏஸி அறையில் எல்லோருக்கும் கொஞ்சம் குறையும். துவாய் சுற்றிச் சூடாக்கிவிட்டுத்தான் தொடங்கினேன். இப்போது திரும்ப அளந்தால் ஏற்றிய சூடெல்லாம் இறங்கி, பழையபடி குறைவாகக் காட்டியது. கையால் தொட்டுப் பார்த்தேன். அமத்திப் பிடித்தால் உள்ளேயிருந்து, சந்தையில் பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த பாரைமீனின் குளிர்.

"என்ன இது, இப்பிடிக் குளிருது?"

"ஏஸி மிஸ்," என்றார் யோகராசா.

"எனக்கும் அதே ஏஸிதான் ஐயா."

தவமணி நிலத்தைப் பார்த்தார். அந்த நேரம் வெளியே நடைபாதையிலிருந்து எங்கள் சிற்றூழியரின் குரல் கேட்டது. "ஆற்றை பெட்டி இது? தண்ணி ஒழுகிப் போற வாற சனம் வழுக்கி விழப்போகுது!"

கதவைத் திறந்து பார்த்தேன். வாங்கில், மீனுக்கு ஐஸ் போட்டு வைக்கிற, பாரமில்லாத ஒரு வெள்ளை ரெஜிபோம் பெட்டி. எனக்கு மீன் கொண்டுவந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன், பொய் சொல்வானேன், கொஞ்சம் சந்தோசமும் பட்டேன். மூடியைத் திறந்தால் உடைத்த ஐஸ் மட்டும். நடுவில் ஒரு கை நுழையும் அளவுக்குக் குழி.

"இதுக்குள்ளயோ கையை வைச்சுக்கொண்டு வந்தனீங்கள்?"

"ஓம் மிஸ்."

"இண்டைக்கு மட்டுமோ?"

"இல்லை, ஒவ்வொரு நாளும்தான். காலமையும் பின்னேரமும். டொக்டர்தானே சொன்னவர்."

"டொக்டர் எங்க ஐஸ் வைக்கச் சொன்னவர்?"

யோகராசா என்னை ஆச்சரியத்தோடு பார்த்தார். இவ்வளவு படித்த பெண்ணுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற பார்வை. "பழுதாகிடும் எண்டு சொன்னவர்தானே மிஸ். பழுதாகாமல் இருக்கிறதுக்கு ஐஸ்ஸைத் தவிர வேற என்னத்தைப் போடுறது?"

சிரிப்பு வந்தது. அதற்குப் பின்னாலேயே அழுகையும் வந்தது. கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர். பழுதாகக்கூடிய எதையும் காப்பாற்ற அவருக்குத் தெரிந்த ஒரே வழி அது. தன் கையை ஒரு நல்ல மீனைப்போல அவர் பத்திரப்படுத்தியிருக்கிறார். தவமணி நாள்தவறாமல் ஐஸ் வாங்கி, கல்லால் உடைத்து, பெட்டி நிரப்பியிருக்கிறார்.

டொக்டரைக் கூப்பிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு யோகராசாவுக்கு முன்னால் இருந்தார்.

"ஐயா, நான் படம் கீறின தண்டவாளம் ஞாபகம் இருக்கோ? அது இரும்பில்லை. துண்டு துண்டாப் பூட்டினது. கடுங்குளிர் பட்டால் கழண்டு போயிடும். அந்தக் குளிரில நாட்டாமிமாரும் நடக்காயினம். மூட்டையோட நிண்டிடுவினம்."

யோகராசாவின் வாய் கோணியது. "அப்ப நானோ அவையை நிப்பாட்டி வைச்சிருக்கிறன்?"

தவமணி அவருடைய குளிர்ந்த கையை எடுத்துத் தன் சேலைத் தலைப்புக்குள் சுற்றி, இரண்டு கையாலும் அமத்திப் பிடித்துக்கொண்டார்.

"சூடு வந்தால் திரும்பப் பூட்டிக்கொள்ளும்," என்றார் டொக்டர். "விட்ட இடத்தில இருந்து நடப்பினம். உள்ளுக்கு நரம்பு வரைக்கும் அவ்வளவு குளிர் போயிருக்காது எண்டுதான் நினைக்கிறன். ஆனா இனி வேண்டாம். உணர்ச்சி இல்லாத கை. ஐஸ் தோலைத் தின்னாலும் உங்களுக்குத் தெரிய வராது."

சுடுதண்ணீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றி, முதலில் என் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்து, பிறகு அவருடைய கையோடு வைத்தேன். மற்ற நோயாளிகளை முடித்துவிட்டு வந்தேன். கை கையாகியிருந்தது. பழைய புள்ளியிலிருந்து தட்டத் தொடங்கினேன். ஒன்றும் இல்லை. மணிக்கட்டு, ஒன்றும் இல்லை. மணிக்கட்டைத் தாண்டி உள்ளங்கைக்குள் தட்டியதும் யோகராசா துள்ளினார்.

"இஞ்ச! இஞ்ச மிஸ்! இதிலதான் நிக்கினம்!"

டொக்டர் அப்போதே பெருவிரலடித் தசைக்குள் ஊசியை ஏற்றினார். நான் ஸ்பீக்கரைக் கூட்டினேன். "பெருவிரலைத் தூக்கப் பாருங்கோ ஐயா." பெருவிரல் அசையவில்லை. வழக்கமான டிக் டிக் சத்தம்தான் கேட்டது. "இன்னும் பாருங்கோ." யோகராசாவின் நெற்றி நரம்பு புடைத்தது.

அப்போது ஸ்பீக்கரில் டக் என்று ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அவர் மனதால் தூக்கும்போது மட்டும் வந்தது, விட்டால் நின்றது. மழை இல்லை, ஒற்றைத் துளி. புது நார் ஒன்று தசையைத் தேடி வந்து தொட்டிருக்கிறது.

"அது என்ன மிஸ் சத்தம்?" என்று தவமணி கேட்டார்.

"உங்கட மனிசன்ர பெருவிரல்," என்றேன்.

சேவையில் எத்தனையோ கைகளைச் சோதித்தேன். நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைவது அந்த ஒற்றைச் சத்தம்தான். இன்னொரு தடவை கேட்கக் கிடைத்தால் கால்நடையாக ஆஸ்பத்திரிக்குப் போவேன்.

4. விலாசம் மாறி

கதை அங்கே முடிந்திருந்தால் எனக்கும் எழுத இலகு.

அடுத்த கச்சானில், கிளினிக் இல்லாத ஒரு நாள், யோகராசா தனியாக வந்து வாங்கில் இருந்தார். பெருவிரல் நன்றாகத் தூக்கியது. மூன்று விரலிலும் உணர்ச்சி வந்துவிட்டது. கடலுக்கும் போய்க்கொண்டிருந்தார். முகம் மட்டும் செத்த வீட்டிலிருந்து வந்தவர்போல இருந்தது.

"என்ன ஐயா, விரல் பழையபடி மரத்துப்போச்சோ?"

"இல்லை மிஸ். இழுவை வருது." சுட்டுவிரலைத் தூக்கிக் காட்டினார். "நூல் கிடக்கிறது இதில. மீன் இழுக்கிறதும் இதில. ஆனா எனக்குத் தெரியிறது நடுவிரலில."

கண்ணை மூடச் சொல்லித் தொட்டுப் பார்த்தேன். சுட்டுவிரலைத் தொட்டால் நடுவிரல் என்றார். நடுவிரலைத் தொட்டால் சிலவேளை பெருவிரல் என்றார். பஞ்சால் தொட்டாலும் பென்சிலால் தொட்டாலும் அவருக்கு ஒன்றுபோலத்தான் இருந்தது.

டொக்டர் மறைக்காமல் சொன்னார். அறுந்த நரம்புக்குள் ஆயிரக்கணக்கான நார்கள். தைத்த இடத்தில் ஒவ்வொன்றும் தன் பழைய உறையைத் தேடிப் பிடிப்பதில்லை. பக்கத்து உறைக்குள் நுழைந்தால் பக்கத்து விரலுக்குப் போய்விடும். நாட்டாமிமாருக்கு அது தெரியாது. தண்டவாளம் போகிற இடத்துக்கு மூட்டையைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்.

"அப்ப விலாசம் மாறி வந்திட்டினம்."

"ஓம் ஐயா. இனி அவையைத் திருப்பி அனுப்ப ஏலாது. உங்கட மூளைதான் புது விலாசத்தைப் படிக்க வேணும். கண்ணை மூடிக்கொண்டு ஆரையாவது விரலைத் தொடச் சொல்லுங்கோ, சொல்லிப் பாருங்கோ. பிறகு கண்ணைத் திறந்து சரியோ எண்டு பாருங்கோ. ஒவ்வொரு நாளும் செய்தால் வர வரத் திருந்தும்."

"பழைய மாதிரி வருமோ?"

"பழைய மாதிரி எண்டு நான் சொல்லமாட்டன்."

யோகராசா வாங்கைவிட்டு எழும்பவில்லை. "கலவாய் தெரியுது மிஸ், பாரை தெரியுது. அது ஆருக்கும் தெரியும். விளை வந்து தொட்டிட்டுப் போறது எனக்குத் தெரியேல்லை. இரை வெறுமனே வருது. கீழ அது வந்து நிக்குது எண்டு எனக்குத் தெரியும், ஆனா அது என்னோட கதைக்குதில்லை."

மீனுக்காக ஒரு மனிதன் இப்படி ஏங்கி நான் கண்டதில்லை. அதை விற்று வரும் காசுக்காக அல்ல, அந்தத் தொடுகைக்காக.

5. குசினிக்கும் விறாந்தைக்கும் இடையில்

நான் ஓய்வு பெற்றதைக் கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வரச் சொல்லித் தவமணி ஆளனுப்பினார். போனேன். எனக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய வேலை கிடையாது. நான் கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்வது வழக்கம்.

வீட்டுக்குள் நுழையும்போது, "மிஸ், குனிஞ்சு வாங்கோ, நூல்!" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டார்கள். குசினிக்குள்ளிருந்து நடு அறையைத் தாண்டி விறாந்தைவரை ஒரு தங்கூசி நூல் நீண்டிருந்தது. விறாந்தைக் கதிரையில் யோகராசா கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். நூல் அவருடைய சுட்டுவிரலுக்கு மேல் கிடந்தது. மறுமுனை குசினியில் தவமணியின் கையில்.

டொக்டர் விரலைத் தொடச் சொல்லியிருந்தார். இவர்கள் அதைக் கடல் ஆக்கியிருந்தார்கள்.

"நான்தான் மிஸ் மீன்," என்றார் தவமணி. வெங்காயம் உரித்த கையோடு சிரித்தார். "கலியாணம் கட்டின நாளில இருந்து இந்த மனிசன் கடலில என்ன செய்யிறார் எண்டு எனக்குத் தெரியாது. விடிய வந்து மீனைத் தருவார், படுத்திடுவார். இப்பதான் எல்லாம் சொல்லித் தாறார். கலவாய் எப்பிடிக் கவ்வும், பாரை எப்பிடி ஓடும், எல்லாம் இப்ப எனக்குத் தெரியும்."

"கலவாய் இவளுக்கு வராது மிஸ்," என்றார் விறாந்தையிலிருந்து யோகராசா, கண்ணைத் திறக்காமல். "கலவாய்க்குப் பொறுமை இருக்கு."

நானும் ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். "இது மிஸ்," என்றார் உடனே. "மீன் இவ்வளவு யோசிச்சு இழுக்காது."

நடு அறை வாசலில் ஒரு கதிரை போட்டுத் தந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் இந்தப் பக்கம் யோகராசாவின் முகம், அந்தப் பக்கம் தவமணியின் கை. இடையில் நூல் வெயிலில் மின்னியது. வெளிப்படையாகச் சொல்கிறேன், எனக்கு அன்று பொறாமையாக இருந்தது. என் விரலில் நூல் போட்டு மறுமுனையில் ஒருவரும் இருந்ததில்லை. அது வேண்டும் என்று அந்த வயதில் அந்தக் கதிரையில் இருந்துகொண்டு ஆசைப்பட்டேன்.

"இப்ப விளை," என்று தவமணி குரல் கொடுத்தார்.

யோகராசா தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். தவமணி நூலை இரண்டு விரலால் பிடித்து மெல்லத் தொட்டுவிட்டு விட்டார். நான் பார்த்தேன். யோகராசாவிடம் அசைவில்லை. தவமணி மறுபடி தொட்டார். அதுவும் போய்ச் சேரவில்லை. இன்னொரு தரம். யோகராசாவின் முகம் முழுக்க எதிர்பார்ப்புத்தான் இருந்தது.

"என்னப்பா, இன்னும் தொடங்கேல்லையோ?"

தவமணி என்னைப் பார்த்தார்.

"பொறுங்கோ, நூல் சிக்கிப்போச்சு," என்றார். சிக்கவில்லை. பிறகு முன்னையதைவிடக் கொஞ்சம் கூட்டி இழுத்தார்.

"விளை!" யோகராசா கண்ணைத் திறந்தார். "விளை, தவம்! பிடிச்சிட்டன்!"

"ஓம், விளைதான்," என்றார் தவமணி. முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டு புகை என்று கண்ணைத் துடைத்தார். அன்று அடுப்பில் புகை இல்லை.

சாப்பிட்டு முடிந்து பஸ் ஏற்றிவிட யோகராசா வீதிவரை கூட வந்தார். பஸ் தூரத்தில் தெரிந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"மிஸ், விளை அப்பிடி இழுக்காது. அவள் கூட்டி இழுக்கிறாள். எனக்குத் தெரியும்."

பஸ்ஸை மறிக்கக் கையைத் தூக்கினேன்.

"அவளிட்டச் சொல்லிப்போடாதேங்கோ. பிறகு இழுக்கமாட்டாள்."

சொல்லவில்லை. தவமணி கூட்டி இழுத்ததை நானும் பார்த்தேன் என்று அவரிடமும் சொல்லவில்லை. அதனால்தான் இங்கே அவர்கள் பெயரை மாற்றி எழுதியிருக்கிறேன்.

இப்போது அந்த அறையில் இருக்கும் இளம் ரெக்கோர்டிஸ்ட்மாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். கரண்ட் கொடுத்துக் கோடு அசையாவிட்டால் "பதில் இல்லை" என்று எழுத அவசரப்படாதீர்கள். எங்களுக்குப் படிப்பித்தவர்கள் சொன்னதுபோல, கரண்டைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். சேவைக்காலம் முழுக்க அதை விதி என்றுதான் செய்தேன். எதற்காகச் செய்கிறோம் என்பது ஓய்வு பெற்ற பிறகு சல்லியில்தான் விளங்கியது. கூட்டிய பிறகு வருவதும் பதில்தான்.